46 வயதில் ஒரு கிடார்!

போன இதழில் மாவடு போடுவது பற்றி எழுதினேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று என்னை வம்பில் மாட்டிவிட்டது. ஒரு சகோதரி, "மாவடு, வடகம், கை வைத்தியம் எல்லாம் சரி மாமி, உங்களுக்கென்று நீங்கள் எதுவுமே செய்துகொள்வதில்லையா?" என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் யோசித்தேன். சரி, சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். யாரும் சிரிக்கக் கூடாது.

நான் கிடார் கற்றுக்கொள்கிறேன். அதுவும் மின்சாரத்தில் சொருகி வாசிக்கிற எலெக்ட்ரிக் கிடார். அதில் 'லத்தீன் ராக்' என்று ஒரு வகை, அதிலும் 'லீட்'. பின்னணியில் கார்டு பிடித்துத் தாளத்தோடு போகிறவர் ரிதம் கிடார்காரர். அதன் மேலே ஒற்றை ஒற்றை ஸ்வரமாகப் பாட்டை எடுத்துப் போகிறவர் லீட். நம் கச்சேரியில் வாய்ப்பாட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிற இடம் அது.

ஸ்ரீரங்கத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்றால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சின்ன வயதில் பாட்டுக் கற்றுக்கொண்டேன். வர்ணம் வரை வந்து, சில கிருதிகளும் பாடம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது பாடச் சொல்லிக் கேட்டவர் என் மாமியார்தான். "பஜ்ஜி சுமார், பாட்டு தேவலை" என்று அப்போதே சொன்னாராம். கல்யாணத்துக்குப் பிறகு கச்சேரி, கிச்சேரி என்று ஒன்றும் இல்லை. சாயங்காலம் விளக்கேற்றி இரண்டு பாட்டு; நவராத்திரிக்கு நாலு வீட்டில் இரண்டு பாட்டு. அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் எனக்கு எவ்வளவு என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

2021-ல் தைராய்டில் கட்டி என்று ஆபரேஷன் ஆயிற்று. கட்டி கெட்டதாக இல்லை, ஸ்வாமி புண்ணியம். பத்து நாளில் சமையலறைக்கு வந்துவிட்டேன். பேச்சு வந்தது, இவரைக் கோபித்துக்கொள்ளவும் வந்தது. ஒரு மாதம் கழித்து விளக்கேற்றிவிட்டுப் பாட வாயைத் திறந்தேன். மத்யமம் வரை சரி. பஞ்சமத்தில் ஒரு நடுக்கம். மேல் ஷட்ஜம் வரவே இல்லை. காற்று மட்டும் வந்தது.

குரல் நாண்களை இழுத்து விறைப்பாக்குகிற தசைக்குப் போகும் நரம்பு மிக மெல்லியது. தைராய்டின் மேல் நுனியை ஒட்டியே ஓடுகிறது. அது கொஞ்சம் அடிபட்டாலும் பேச்சில் தெரியாது, மேல் ஸ்தாயியில் தெரியும் என்று பின்னால் பார்த்த தொண்டை டாக்டர் விளக்கினார். குரல் பயிற்சி செய்தேன், ஓரளவு தேறியது. மேலே மட்டும் திரும்பவில்லை. இதைப் படித்துவிட்டு ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம், சகோதரிகளே! செய்ய வேண்டியதைச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் நீங்கள் பாடுகிறவரானால், அதை முன்கூட்டியே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குரலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். "வீட்டில் பாடுகிறவள்தானே, என்ன பெரிசாச் சொல்றது" என்று நான் கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்தேன். அது என் தப்பு.

பிறகு நான் பாடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாமியார்கூடக் கேட்கவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

2023 போகிக்கு வீட்டை ஒழித்தபோது, பரணிலிருந்து பிள்ளையின் கிடார் இறங்கியது. காலேஜ் நாளில் வாங்கி, நாலு மாதம் தட்டிவிட்டு, பெங்களூரில் வேலை கிடைத்ததும் போட்டுவிட்டுப் போனது. கூடவே ஒரு சின்னப் பெட்டி, பத்து வாட் ஆம்ப்ளிஃபயர். ஊரிலிருந்து வந்திருந்தவன், பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க, செல்போனை அதில் இணைத்து ஒரு பாட்டைப் போட்டான். நான் கூடத்தில் பழைய பேப்பரை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு குரல் மெதுவாக எழுந்து, மேலே போய், அங்கேயே நின்றது. நின்றது என்றால், விடாமல் நின்றது.

"யாருடா பாடறது?" என்றேன்.

"பாடலைம்மா. அது கிடார்."

'சம்பா பா தீ' என்று அந்த உருப்படிக்குப் பெயர். வாசித்தவர் கார்லோஸ் சாண்டானா. 1970-ல் வந்த 'அப்ராக்ஸஸ்' என்ற இசைத்தட்டில் இருக்கிறது. வார்த்தையே கிடையாது. அன்றைக்கு அதை ஐந்து தடவை போடச் சொன்னேன். போகிக்குப் போளி கருகிப்போனது இதனால்தான் என்று இன்று வரை வீட்டில் யாருக்கும் தெரியாது.

சாண்டானா 1947-ல் மெக்சிகோவில் அவுட்லான் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா ஊர் ஊராகப் போய் மரியாச்சி கோஷ்டியில் வயலின் வாசித்தவர். பிள்ளைக்கும் முதலில் வயலின்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிறகு அமெரிக்க எல்லையை ஒட்டிய திஹுவானா நகரத்துக்குக் குடிபோனார்கள். அங்கே அம்மா ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போக, ஹாவியர் பாடிஸ் என்ற இளைஞர் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பதைப் பையன் கேட்டிருக்கிறான். வயலின் போயிற்று, கிடார் வந்தது. (அம்மாக்கள் பூங்காவுக்கு அழைத்துப் போனால் என்னவெல்லாம் நடக்கிறது பாருங்கள்!) ஆனால் வில்லைப் போட்டு ஸ்வரத்தை நீட்டுகிற அந்த வயலின் ருசி அவர் விரலை விட்டுப் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1960-களில் குடும்பம் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போயிற்று. ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டே வாசித்து, 1966-ல் குழு ஆரம்பித்தார். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் என்ற பிரம்மாண்டத் திருவிழா மேடையில் ஏறினபோது வயது 22. அதுவரை வெளியூரில் அவரை அதிகம் பேருக்குத் தெரியாது. அந்த மேடையில் கிடார், ஆர்கனோடு கூட, கியூபா தேசத்துக் காங்கா மத்தளமும் டிம்பாலே தாளவாத்தியமும் இருந்தன. அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ், வெள்ளைக்காரப் பிள்ளைகளின் ராக், கியூபா, போர்ட்டோ ரிக்கோ பக்கத்துத் தாளம் மூன்றும் ஒரே அடுப்பில் கொதித்ததுதான் லத்தீன் ராக். அவருடைய இரண்டு பெரிய பாட்டுகளில் 'ஓயே கோமோ வா' டிம்பாலே வித்வான் டிட்டோ புவெந்தே 1960-களின் தொடக்கத்தில் போட்டது. 'ப்ளாக் மேஜிக் உமன்' பீட்டர் கிரீன் என்ற இங்கிலாந்துக்காரர் 1968-ல் எழுதியது. பிறத்தியார் பாட்டைத் தன் வீட்டுச் சமையலாக்கிவிட்டார்!

பிள்ளை ஊருக்குத் திரும்பிப் போனதும், வாத்தியார் தேடினேன். பொன்மலை ரயில்வே காலனிப் பக்கம், ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிடையரான ஒருவர் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எழுபது வயதுக்காரர். சின்ன வயதில் ரயில்வே டான்ஸ்களில் வாசித்தவராம். நான் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கிடாரோடு நின்றதைப் பார்த்து, "பையனுக்காம்மா?" என்றார்.

"எனக்குத்தான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "உக்காருங்க. ஃபர்ஸ்ட் பாடுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"குரல் போயிடுத்து சார். அதனாலதான் இங்க வந்தேன்."

"மேலதானே போச்சு? கீழ இருக்கில்ல? கீழ பாடுங்க, மேல கிடார் பாடும். வாய்ல வராதது விரல்ல வராதும்மா."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கொஞ்சம் அழுதேன். அடுத்த வாரமும் போனேன்.

முதல் மாதம் பாட்டாவது ஒன்றாவது! விரல் வலிதான். இடது கை விரல் நுனியில் கோடு விழுந்து, சிவந்து, ஒரு மாதத்தில் தோல் தடித்துப் போகும். பிறகு வலி இல்லை. அதுவரை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல், பத்து பத்து நிமிஷமாக மூன்று வேளை வாசிப்பது நல்லது. குழந்தை தூங்குகிற நேரம் போதும். இடது கை நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். பாத்திரம் தேய்த்த கையோடு உட்காராதீர்கள். தண்ணீரில் ஊறின தோல் தந்தி பட்டால் கிழியும். நன்றாகத் துடைத்து, அரை மணி நேரம் போகட்டும். எண்ணெய்க் கையும் கூடாது. வாசித்து முடித்ததும் பழைய வேஷ்டித் துணியால் தந்தியைத் துடைத்தால் துருப் பிடிக்காது. விரல் நுனி வலி பரவாயில்லை. மணிக்கட்டு வலித்தாலோ, விரல் மரத்துப் போனாலோ உடனே நிறுத்தி, டாக்டரிடம் காட்டுங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எலெக்ட்ரிக் கிடாரில் தந்தி மெல்லியது, மரக் கிடாரைவிட விரலுக்கு இதம். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் தூங்குகிற குழந்தை எழுந்திருக்காது, பக்கத்து வீட்டுக்கும் நிம்மதி.

கிடாரில் மெட்டுகள் வீணையில் இருப்பது போலத்தான். சார் 'ஏ மைனர்' என்று ஆரம்பித்தார். நமக்கு அது ஆறு கட்டை ஸ்ருதி. ஐந்தாவது மெட்டில் கையை வைத்து, ஐந்தே ஸ்வரம் கொடுத்தார். 'மைனர் பென்டடானிக்' என்றார். வாசித்தேன். ஸ க ம ப நி. அட, சுத்த தன்யாசி! ப்ளூஸ், ராக் இரண்டுக்கும் அஸ்திவாரம் இந்த ஐந்துதானாம். மூன்று மாதம் கழித்து இன்னும் இரண்டு ஸ்வரம் சேர்த்தார். 'டோரியன்' என்று பெயர். சதுஸ்ருதி ரிஷபமும் சதுஸ்ருதி தைவதமும் சேர்ந்தால் என்ன ஆகும்? கரகரப்ரியா! 'ஓயே கோமோ வா' முழுக்க ஏ மைனர் செவன், டி நைன் என்று இரண்டே கார்டில் ஓடுகிறது. அதன்மேல் வாசிக்க இந்த ஏழு ஸ்வரம்தான். இரண்டாவது தந்தி ஏழாவது மெட்டில் இருக்கிற தைவதத்தைத் தொட்டால், பாட்டுக்கு ஒரு மினுமினுப்பு வரும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "இது எனக்குத் தெரியும் சார்!" என்று கமகமெல்லாம் போட்டு உருட்டினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஸ்கேல் ஒண்ணுதாம்மா, நடை வேற. நேரா நில்லுங்க. கடைசில ஆட்டுங்க." அதுதான் சூட்சுமம். ஸ்வரத்தைப் பிடித்ததும் ஆட்டக் கூடாது. நேராக, அசையாமல் நிறுத்தி, அது ஓய்கிற நேரத்தில் மெல்ல விரலை அசைத்தால்தான் அது அந்த ஊர்க் குரல். கமகத்திலேயே வளர்ந்தவளுக்கு அசையாமல் நிற்பது இருக்கிறதே, அதைப் போலக் கஷ்டம் வேறு இல்லை.

தாளம் அடுத்த பூதம். கியூபா சங்கீதத்துக்கு 'கிளாவே' என்று ஒரு தட்டு உண்டு. ஸ்பானிஷில் சாவி என்று அர்த்தம். இரண்டு மரக்குச்சியைத் தட்டி வாசிப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த சொத்து அது. சார் பாவம், ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக் காட்டினார். எனக்கு ஏறவே இல்லை. வீட்டுக்கு வந்து நானே ஜதி கட்டிப் பார்த்தேன். தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. மூன்று, மூன்று, நாலு, இரண்டு, நாலு, கூட்டினால் 16. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் தட்டுங்கள். ஐந்து தட்டு வரும். அதுதான் கிளாவே! மாமியார் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கவனித்தவர், கத்திப் பிடியால் பலகையில் தட்டினார். பிசகே இல்லை. "கோலாட்டத்துல இதைவிட வக்கணையா அடிப்போம்டி" என்றார். அன்றிலிருந்து எனக்கு வீட்டிலேயே பக்கவாத்தியம்.

ஆனால் எல்லாவற்றையும்விட எனக்குச் சிரமப்பட்டது மூச்சு. கிடாருக்கு மூச்சு வாங்க வேண்டாம் அல்லவா? கற்றுக்குட்டிகள் எல்லாரும் அதனால் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போவோமாம், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. நானும் அப்படித்தான். சார் ஒரு நாள், "மூச்சு விடும்போது மட்டும் வாசிங்க. இழுக்கும்போது கையை எடுத்துடுங்க" என்றார். ஒரே வாரத்தில் வாசிப்பு பாட்டாக மாறியது. பி.பி.கிங் என்று ஒரு மகா வித்வான். சாண்டானா அவரைக் கேட்டு வளர்ந்தவர். அவர் பாடும்போது கிடாரைத் தொட மாட்டார். ஒரு வரி பாடிவிட்டு, அடுத்த வரியைக் கிடாரிடம் விட்டுவிடுவார். நானும் அப்படியே பழகினேன். கீழ் ஸ்தாயியில் ஒரு வரியை முனகுவேன். அதே வரியை மேல் ஸ்தாயியில் கிடாரில் வாசிப்பேன். முதல் தந்தி ஐந்தாவது மெட்டு, மேல் ஷட்ஜம். அதை முதன்முதலாக நிறுத்திப் பிடித்த சாயங்காலம் நான் விளக்கேற்ற மறந்துபோனேன்.

நிறுத்திப் பிடிக்க இன்னொரு தந்திரமும் உண்டு. ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் கூட்டி, அதன் எதிரே சரியான இடத்தில் நின்றால், வருகிற ஒலியே தந்தியை மறுபடி அதிர வைக்கும். ஸ்வரம் சாகவே சாகாது. சாண்டானா மேடையில் அந்த இடங்களைத் தேடி அடையாளம் பண்ணி வைத்துக்கொள்வாராம். நான் கூடத்தில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்து, கோலமாவால் ஒரு புள்ளி வைத்தேன். இவர் ஆபீசிலிருந்து வந்து, "இது என்ன, ஒத்தைப் புள்ளிக் கோலம்?" என்றார். பதில் சொல்ல வாசித்தே காட்டினேன். காதைப் பொத்திக்கொண்டு, "காபி கிடைக்குமா?" என்றார். எல்லாரையும் திருப்தி செய்ய முடியுமா?

இன்னும் வராதது ஒன்று இருக்கிறது. தந்தியை இழுப்பது. மூன்றாவது தந்தி ஏழாவது மெட்டு மத்யமம். அதை மோதிர விரலால் அழுத்தி, மற்ற இரண்டு விரலும் பின்னால் முட்டுக் கொடுக்க, மேலே தள்ளினால் பஞ்சமம் வர வேண்டும். சரியா என்று பார்க்க, இரண்டாவது தந்தி ஐந்தாவது மெட்டைத் தட்டிப் பார்க்கலாம். அதுவும் அதே பஞ்சமம். எனக்குப் பத்துக்கு ஆறு தடவை பஞ்சமத்துக்கு ஒரு நூல் கீழேயே நின்றுவிடுகிறது.

2025 நவராத்திரிக்குப் பிள்ளை லீவில் வந்திருந்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் நாலு நவராத்திரி, "ஒரு பாட்டுப் பாடேன்" என்று யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று சுண்டல் பாத்திரத்தோடு உள்ளேயே இருந்துவிடுவேன். இந்தத் தடவையும் உள்ளேதான் இருந்தேன். மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்று, "அந்தப் பொட்டியை வெளிய கொண்டு வா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளை நண்பனிடம் வாங்கி வந்த மரக் கிடாரில் அந்த இரண்டு கார்டைப் பிடித்தான். மாமியார் கோலாட்டக் கோலால் தட்டினார். கொலுவுக்கு முன்னால், பட்டுப் புடவையோடு, கோலமாவுப் புள்ளியின் மேல் நின்று வாசித்தேன். மூன்று நிமிஷம் இருக்கும். ஒரு இடத்தில் கை நழுவித் தைவதத்துக்குப் பதில் வேறு எதிலோ விழுந்தது. இழுத்த பஞ்சமம் வழக்கம்போல ஒரு நூல் கம்மி. மேல் ஷட்ஜம் மட்டும் நின்றது. எதிர்வீட்டு மாமி, "கரகரப்ரியா மாதிரி இருக்கு, ஆனா இல்லையே?" என்று தலையைச் சாய்த்துக் கேட்டார். அதே கேள்வியைத்தான் நானும் சாரிடம் கேட்டிருக்கிறேன் என்றேன். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு எல்லாரும் போனார்கள்.

ராத்திரி பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் மாத்திரைக்குத் தண்ணீர் கேட்டு வந்தார். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தபடி, "மேல போறச்சே தோளைத் தூக்கிண்டு மூச்சைப் பிடிச்சுக்கறே. பாடறச்சயும் அப்படித்தான் பண்ணுவே. அன்னிக்குப் பெண் பார்க்க வந்தப்பவே கவனிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.